பிறைக் கணக்கும் பேரேடும்

தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைக்கின்றோம். பிறருடைய இலட்சங்களைக் காசு பிசகாமல் கூட்டிக் கழித்து, ஆண்டு முடிவில் ஐந்தொகையைச் சரிகட்டித் தணிக்கையாளரிடம் ஒப்படைப்பதில் நமக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. மாலையில் வீடு திரும்பி, அடுக்களை அலமாரியின் மேலிருக்கும் சொந்த நோட்டைப் பிரிக்கும்போதுதான் கை தயங்கும். இருபதாம் தேதிக்கு மேல் அதைப் பிரிக்காமலேயே விட்டுவிட்ட மாதங்களும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கின்றோம். இதைப் படிக்கும் குடும்பத் தலைவர்கள் பலருக்கும் அந்தத் தயக்கம் புதிதாக இராது.

பேரணாம்பட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லை மலைகளின் அடிவாரத்தில் உள்ள ஊர் நம்முடையது. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரோடு நின்றன. மாவட்டம் பிரிந்ததே ஒழியத் தொழில் பிரியவில்லை. ஆண்கள் தோல் ஷாப்புக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் போவார்கள். பெண்கள் பலர் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார்கள். பெரும்பாலான வீடுகளில் வருமானம் ஒரே ஓடையாக வருவதில்லை; வாரக் கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி, யாராவது ஒருவரின் மாதச் சம்பளம் என்று சிறு சிறு வாய்க்கால்களாகவே வந்து சேரும்.

நம் அத்தா மர்ஹூம் அவர்கள் தொட்டி வேலைக்காரர். ஆவாரம்பட்டையில் ஊறிய தோலின் நெடி அவர்களுடைய சட்டையில் என்றும் இருக்கும். 1973இல் அரைப்பதனத் தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது என்ற நிலை வந்ததாம். அந்த ஆண்டும் வீட்டில் நோன்புப் பெருநாள் கடன் இல்லாமல் நடந்தது என்பதை அத்தா பெருமையோடு சொல்வார்கள். சொல்லும்போது பார்வை மட்டும் அம்மாவின் பக்கம் போகும். காரணம், அம்மாவின் டப்பா.

அது ஒரு பழைய பால்மாவு டப்பா. மூடியில் கத்தி முனையால் ஒரு கீறல். அம்மா பீடி சுற்றிய கூலியிலிருந்து அதில் காசு போடுவார்கள். எப்போது போடுவார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். வாரக் கூலி வந்த அன்று போடுவதில்லை. முதல் தேதியன்றும் போடுவதில்லை. மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் மாடியில் ஏறிப் பிறையைப் பார்த்துக் கூச்சலிட்டுக் கொண்டு இறங்கி வருவோமே, அந்த இரவில்தான் போடுவார்கள். ஷவ்வால் பிறையில் தொடங்கி ஷஃபான் பிறை வரையில் பதினொரு தவணை. ரமளான் பிறை தெரிந்ததும் டப்பாவைத் திறப்பார்கள். நோன்புக்கான மளிகை, பிள்ளைகளுக்குத் துணி, பித்ரா, பெருநாள் பிரியாணிக்குச் சீரகச் சம்பா, இறைச்சி, வருவோர் போவோருக்கான ஈத் காசு எல்லாம் அதிலிருந்துதான். "பதினொன்று போடு, பன்னிரண்டில் எடு" என்பது அவர்கள் வாய்ப்பாடு. அம்மா எழுத்து அறியார், எண் அறிவார்.

நாம் படித்தவர்கள் ஆயிற்றே! 2014இல் வீட்டு நிருவாகத்தை நம் கைக்கு எடுத்துக்கொண்டபோது முதலில் செய்த சீர்திருத்தம், அந்த டப்பாவை நிறுத்தியது. "வீட்டில் இரண்டு கணக்கு வேண்டாம் அம்மா" என்றோம். அகலமான நோட்டு ஒன்றில் பத்தி பத்தியாகக் கோடு இழுத்து, மளிகை, பால், மின்சாரம், பள்ளிக்கூடம், மருந்து, பெருநாள் என்று தலைப்பிட்டோம். ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் இவ்வளவு என்று ஒதுக்கினோம். கையெழுத்து அழகாகவே இருந்தது.

அக்காலத்தில் குடும்பக் கணக்குப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலார் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து 1857இல் ஒரு விதி சொன்னார்: வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும். இன்றைக்கும் அது மாறவில்லை. 2023-24ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறக் குடும்பச் செலவில் 47.04 விழுக்காடும் நகர்ப்புறத்தில் 39.68 விழுக்காடும் உணவுக்குப் போகின்றன. அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் ஒரு நூல் எழுதி, தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்று வருமானத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். நம் துணைவியாரிடம் அதை விளக்கியபோது, "விருப்பத்துக்கு முப்பதா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். அதற்கு மேல் அந்த நூலைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

வீண் விரயம் கூடாது என்று மேடைதோறும் கேட்கின்றோம். திருமண மண்டபத்துச் செலவையும் பெருநாள் துணிமணியையும் கண்டித்து எழுதாத இதழும் இல்லை. அவை சரியான கண்டனங்களே. ஆனால் வீண் விரயம் எதுவும் இல்லாத வீட்டிலும் கணக்கு உடைகின்றதே, அது ஏன் என்று யாரும் சொல்லக் காணோம். நம் நோட்டில் மூன்று ஆண்டுகளாகத் துருவித் தேடியும் வீண் செலவு என்று ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் நோன்பு வந்தால் பற்றாக்குறை வந்தது.

விடை ஆகாயத்தில் இருந்தது. நம் வரவு ஆங்கில மாதத்தில் வருகின்றது. சம்பளம் மாதத்தின் ஏழாம் தேதிக்குள். போனஸ் என்றால், 1965ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள். அதாவது மார்ச்சில் கணக்கு முடித்தால் நவம்பருக்குள். குறைந்த அளவு 8.33 விழுக்காடு, ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். இவையெல்லாம் சூரியனைச் சுற்றும் கணக்குகள். பெரிய செலவுகளோ பிறையைச் சுற்றுகின்றன. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். ஒவ்வோர் ஆண்டும் பெருநாள் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்து கதவைத் தட்டும். ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆங்கில ஆண்டுகளில் முப்பத்து நான்கு ஹிஜ்ரி ஆண்டுகள் கழிந்துவிடும். ஒருவன் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் காலத்துக்குள் ஒரு முழு ரமளான், இரண்டு பெருநாள்கள், சம்பளப் பட்டியல் அறியாமலே கூடுதலாக வந்து போகும். 2000ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரண்டு நோன்புப் பெருநாள்கள் வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2030இல் ரமளானே ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் தொடங்க இருக்கின்றது.

பெரிய கணக்கர்களுக்கு இது தெரியும். ஜகாத் நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 விழுக்காடு, அது பிறை ஆண்டுக்கு உரியது. ஆங்கில ஆண்டை வைத்து ஜகாத்தைக் கணக்கிடும் நிறுவனங்கள் அந்தப் பதினொரு நாளையும் விட்டுவிடாமல் 2.577 விழுக்காடு என்று கொள்கின்றன. கொடுப்பதற்குக் காட்டும் இந்த நுணுக்கத்தைச் சேர்ப்பதற்கு நாம் காட்டவில்லை. பன்னிரண்டால் வகுத்தோம்.

நிற்க. 2017ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அந்த ஆண்டு நோன்பு மே 28இல் தொடங்கியது. பெருநாள் ஜூன் 26. இடையில் பள்ளிக்கூடம் திறந்தது. பெருநாள் நிதியாக 24,000 ரூபாய் என்று திட்டமிட்டு, முந்தைய ஆண்டின் பெருநாள் கழிந்த பிறகு 2016 ஜூலை முடிவிலிருந்து மாதம் 2,000 ஒதுக்கி வந்தோம். ரமளான் பிறை தெரிந்தபோது கையில் இருந்தவை பத்துத் தவணைகளே. நான்காயிரம் குறைந்தது. அதைச் சரிகட்ட முயலும்போதே இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகங்களும் சேர்ந்து 18,000 என்று நின்றன.

தொழிலும் அப்போது நன்றாக இல்லை. 2016 நவம்பர் 8இல் பணத்தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பால் வாரக் கூலி கொடுக்கச் சில்லறை இன்றித் தோல் வட்டாரம் தவித்தது. அந்த ஈரம் காய்வதற்குள், 2017 மே 23இல் சந்தையில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் விதிகள் வந்தன. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை அதே மாத இறுதியில் தடை விதித்தது. ஜூலை 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. தடை வந்ததென்னவோ உண்மை. பச்சைத் தோல் வரத்து உடனே பழையபடி ஆகிவிடவில்லை. ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி. இத்தனையும் சேர்ந்து நம் வீட்டு நோட்டில் ஒரே ஒரு வரியாகத்தான் தெரிந்தன: "மிகைநேர ஊதியம் – இல்லை."

மாத முடிவில் நோட்டைக் குடும்பத்தார் முன்னிலையில் வாசித்துக் காட்டுவது அப்போது நம் வழக்கம். எல்லாரும் பொறுப்புணர்ந்து நடப்பார்கள் என்று எண்ணினோம். வரம்பு மீறிய பத்தியைச் சிவப்பு மையால் வட்டமிடுவோம். மே மாதக் கடைசியில் மருந்துப் பத்தியில் 900க்குப் பதில் 1,340 ஆகியிருந்தது. வட்டமிட்டோம். "மருந்து, மிகை 440" என்று வாசித்தோம். குரலில் கடுமை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கின்றோம். அது அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்தார்கள்.

பெருநாளுக்கு மூன்றாம் நாள் காலையில் அம்மா தலைசுற்றி அடுக்களையில் விழுந்தார்கள். ஆட்டோவில் குடியாத்தம், அங்கிருந்து வேலூர். இரத்த அழுத்தத்தைப் பார்த்த மருத்துவர், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?" என்று கேட்டார். "தவறாமல்" என்றோம். பத்து வயது மகள் பின்னாலிருந்து, "இல்லை அத்தா, நன்னிமா ராத்திரி மாத்திரையை எடுத்து வைத்துவிடுவாங்க" என்றாள்.

நோன்பு மாதம் ஆகையால் ஸஹரில் ஒன்றும் நோன்பு திறந்த பின் ஒன்றுமாகச் சாப்பிட வேண்டிய மாத்திரைகள். அம்மா ஸஹர் மாத்திரையை மட்டும் நம் கண்ணெதிரில் விழுங்கினார்கள். இரவு மாத்திரைகள் முழுவதும், இரண்டு அட்டைகளுக்கு மேல், அவர்களுடைய தலையணை உறைக்குள் பத்திரமாக இருந்தன. துணைவியார் அதைக் கண்டெடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்து காட்டியபோது அம்மா கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்தார்கள். குற்றம் செய்து அகப்பட்டவரின் பார்வை அன்று அது. ஏதோ சாதித்தவரின் பார்வை.

"அடுத்த மாசத்துக்கு வாங்க வேண்டாம் தம்பி. இருக்கு" என்றார்கள்.

ஆறு நாள் மருத்துவமனை வாசத்துக்கு 14,600 ரூபாய் ஆயிற்று. 440க்கு வட்டமிட்ட பேனா அந்தத் தொகையை எழுத மறுத்தது என்று சொன்னால் அலங்காரமாகிவிடும், எழுதத்தான் செய்தோம். மைத்துனர் வட்டியில்லாமல் கொடுத்த கடனை அடைக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. சிவப்புப் பேனாவை அன்றோடு நிறுத்தினோம். நோட்டை வாசித்துக் காட்டும் வழக்கத்தையும் நிறுத்தினோம். எண்களை உரக்க வாசித்தால், அந்த வீட்டில் தன் பங்கைத் தானே குறைத்துக்கொள்ளக் கூடியவர் எவரோ அவர் காதில்தான் அது முதலில் விழும் என்பது நமக்குத் தோன்றாமல் போயிற்றே! பிள்ளைகள் தின்பண்டத்தைக் குறைத்துக்கொண்டார்களா? இல்லை. நாம் தேநீரைக் குறைத்துக்கொண்டோமா? அதுவும் இல்லை.

அம்மா வீடு திரும்பிய பின், ஒரு நாள் தயங்கித் தயங்கி டப்பாவைப் பற்றிக் கேட்டோம். அது பரணில்தான் இருந்தது; அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார்கள். நாம் கண்டுபிடித்ததாக எண்ணிய பதினொரு நாள் வித்தியாசத்தை அவர்களிடம் விளக்கினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "பிறையில வர்ற செலவுக்குப் பிறையிலதானே போடணும்?" என்றார்கள். அவ்வளவுதான். தொழிற்சாலைக் கணக்கில் முப்பது ஆண்டு பழகியும் நமக்குப் பிடிபடாத ஒன்றை அவர்கள் விளக்கம் தேவைப்படாத செய்தியாக வைத்திருந்தார்கள்.

இப்போது நோட்டில் இரண்டு தேதிகள். இடது ஓரத்தில் ஆங்கிலத் தேதி, வலது ஓரத்தில் பிறை. பெருநாள் செலவைப் பதினொன்றால் வகுக்கின்றோம். 24,000 என்றால் தவணை 2,000 அன்று, ஏறத்தாழ 2,182. குர்பானிக்குத் தனி டப்பா. ஏழில் ஒரு பங்கு என்று கூட்டுக் குர்பானியில் சேர்வதால் அது தாங்குகின்றது. பள்ளிக்கூடம், மின்சாரம், வீட்டு வரி ஆகியவை ஆங்கில மாதத்திலேயே. மருந்துப் பத்திக்கு வரம்பு எழுதுவதில்லை; ஆன செலவை மட்டும் எழுதுகின்றோம். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் துணைவியாரின் கணக்கில் வருகின்றது. அதில் நம் நோட்டுக்கு அதிகாரம் இல்லை என்று அவர் முதல் மாதமே சொல்லிவிட்டார். பிறையன்று டப்பாவில் விழும் தாள்களில் சில அதிலிருந்து வருவன என்று ஊகிக்கின்றோம், கேட்பதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அம்மாவின் காலத்தில் இல்லாத பத்திகள் பெருகிவிட்டன. ஒன்றை மட்டும் சொல்கின்றோம்: தண்ணீர். அத்தாவின் காலத்தில் கிணற்றில் இறைத்த தண்ணீருக்கு யாரும் விலை கேட்டதில்லை. தோல் கழிவின் உப்பு நிலத்தில் இறங்கி, பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், வட ஆர்க்காட்டுத் தோல் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்து, கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்யக் கட்டளையிட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கெட்ட கிணறு மீளவில்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கேன் தண்ணீர் வாங்குகின்றோம். சம்பளமும் தோலிலிருந்து வருகின்றது. தண்ணீர்ச் செலவும் அதே தோலிலிருந்து வருகின்றது. நோட்டில் ஒரே பக்கத்தின் இரு ஓரங்களில் இரண்டும் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கும்போது என்ன எண்ணுவதென்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றோம்.

அம்மா 2022இல் வஃபாத்தானார்கள். கடைசி வரை பிறையன்று அவர்களுடைய கையால்தான் டப்பாவில் போடுவித்தோம்.

2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7. பள்ளிகள் திறந்தது ஜூன் 2. 2017ஐப் போன்ற அதே நெருக்கம். இம்முறை கடன் வாங்கவில்லை. குர்பானி டப்பாவில் 640 ரூபாய் குறைந்தது; தண்ணீருக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்து, இரண்டு வாரம் கேன் எண்ணிக்கையைக் குறைத்து ஈடுசெய்தோம். இதில் யாருடைய பங்கு குறைந்தது என்று இம்முறை உடனே பார்த்தோம். குளிர்ந்த தண்ணீர் இல்லை என்று மகன் இரண்டு நாள் முணுமுணுத்தான். அவன் முணுமுணுத்தது நமக்கு நிம்மதியாகவே இருந்தது.

பிறகு ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு சுங்கம் விதித்தது. தோலும் காலணியும் அதில் அகப்பட்டன. நம் தொழிற்சாலையில் மிகைநேர வேலை மீண்டும் நின்றது. ரபீயுல் ஆகிர் பிறை தெரிந்த இரவு, ஷவ்வாலிலிருந்து எண்ணினால் ஏழாவது தவணை, போட வேண்டியதில் பாதிதான் கையில் இருந்தது. மகள் இப்போது கல்லூரியில் படிக்கின்றாள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் மிஞ்சிய காசு என்று சொல்லி இருநூறு ரூபாயைக் கொண்டுவந்தாள். வாங்குவதற்கு முன், "மதியம் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டோம். சிரித்தாள். துணைவியார் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, காலியாக இருப்பதைக் காட்டிய பிறகே அந்த இருநூறு உள்ளே போயிற்று. மீதியை எட்டாவது பிறையில் சேர்த்துப் போடலாம் என்று முடிவாயிற்று.

எட்டாவது பிறையன்று நல்ல மழை. மாடியில் ஏறிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அறிவிப்பு வரட்டும் என்று டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, எல்லாரும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்துக் காத்திருந்தோம்.